எடையில் தெரியாது, கடல்மட்டத்தில் தெரியும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வேம்பார் கடற்கரையில் அலை வந்து காலை நனைக்கும் இடத்தில் நின்றுகொண்டு, செயற்கைக்கோள் தரும் அளவை அப்படியே காட்டும் கைபேசிச் செயலி ஒன்றைத் திறந்தால், உயரம் என்ற இடத்தில் கழித்தல் குறியோடு தொண்ணூற்றுச் சொச்சம் மீட்டர் என்று வரும். கால் நனைகிறது, கருவியோ அந்த இடம் பூஜ்ஜியத்துக்கு 90 மீட்டருக்கும் கீழே இருப்பதாகச் சொல்கிறது. கைபேசியில் பழுது எதுவும் இல்லை. செயற்கைக்கோள் முறை உயரத்தைக் கடலிலிருந்து அளப்பதில்லை. பூமியின் சராசரி வடிவத்துக்குப் பொருந்துமாறு கணக்கில் வரைந்துகொண்ட, துருவங்களில் சற்றுத் தட்டையான ஒரு வழவழப்பான கோளத்திலிருந்து அளக்கிறது. மன்னார் வளைகுடாவில் உண்மையான கடல் அந்தக் கணக்குக் கோளத்துக்கு அவ்வளவு கீழே கிடக்கிறது.

இங்கிருந்து தெற்கே, இலங்கையையும் தாண்டிப் போகப் போக அது இன்னும் தாழ்ந்து, 106 மீட்டர் வரை இறங்குகிறது. உலகப் பெருங்கடல்கள் எதிலும் இவ்வளவு பெரிய தாழ்வு கிடையாது. நியூ கினித் தீவுப் பக்கம் கடல் அதே கணக்குக் கோளத்துக்கு 80 மீட்டருக்கும் மேலே ஏறி நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் 9.8 என்று மனப்பாடம் செய்கிறோம். விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி எவ்வளவு கூடுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. உண்மையில் நிலநடுக்கோட்டில் அது 9.780, துருவத்தில் 9.832. வேம்பாரின் அட்சரேகைக்குச் சூத்திரம் தரும் மதிப்பு 9.7816. எண்ணின் வாலில் உள்ள இந்தச் சிறு வித்தியாசங்கள் எங்கிருந்து வருகின்றன, எது பெரியது, எது சிறியது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தராசு ஏன் சொல்லவில்லை?

எடை பார்ப்பதில் இந்தக் கரைக்கு இருக்கும் பழக்கம் சாதாரணமானதல்ல. பரதவரின் ஏழு கடல்துறைகளில் ஒன்று வேம்பார். கடலடித் திட்டுகளான பார்களில் சிப்பி விளைந்த ஆண்டுகளில் முத்துக்களைச் சல்லடைகளில் இட்டுத் தரம் பிரித்து, மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து விலை பேசிய கரை இது. மஞ்சாடி விதையளவு வித்தியாசத்தையும் விட்டுக்கொடுக்காத வியாபாரிகள் வடக்கும் தெற்குமாகப் போய்வந்தார்கள். அப்படியிருந்தும் ஈர்ப்பின் மாற்றம் அவர்கள் கையில் சிக்கவில்லை. காரணம் எளிது. இரண்டு தட்டுத் தராசில் ஒரு பக்கம் முத்து, மறுபக்கம் படிக்கல். ஈர்ப்பு குறைந்தால் இரண்டுக்கும் ஒரே விகிதத்தில் குறையும், முள் அசையாது.

முத்துக்குளித்தவர் கதையும் அதுவே. பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குத் தன்னை இழுத்துச் செல்லக் காலில் கட்டிய கல்லைக் கீழே இழுப்பது ஈர்ப்பு. அந்தக் கல்லை மேலே தள்ளும் நீரின் உந்தலும் ஈர்ப்பால்தான் உண்டாகிறது. எது மிதக்கும், எது மூழ்கும் என்பதை அடர்த்தி தீர்மானிக்கிறது. ஈர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தீர்ப்பு மாறாது. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோகும்வரை, தலைமுறை தலைமுறையாகக் கடலில் இறங்கியவர்களுக்குத் தாங்கள் உலகின் ஆகப்பெரிய ஈர்ப்புத் தாழ்வின் ஓரத்தில் இறங்குகிறோம் என்று அறிய வழியே இருக்கவில்லை.

சுருள்வில் தராசு இருந்தால் கதை வேறு. வில்லின் விறைப்பு ஊருக்கு ஊர் மாறாது. பொருளின் எடைதான் மாறும். வேம்பாரில் 10 கிலோ காட்டும் கருப்பட்டிச் சிப்பத்தை அதே வில் தராசில் டெல்லியில் தூக்கினால் ஏறக்குறைய 10 கிராம் கூடுதலாகக் காட்டும். கொடைக்கானலில் சுமார் 5 கிராம் குறையும். கருப்பட்டி ஒரு துண்டும் உடைந்திருக்காது. நகைக்கடைகளில் உள்ள மின்னணுத் தராசுகளும் உள்ளே விசையைத்தான் அளக்கின்றன. அதனால்தான் அவற்றை நிறுவும் ஊரிலேயே முத்திரைப் படிக்கல் வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

பாரிஸ் கடிகாரம் பிந்தியது

ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கடிகாரம். 1672இல் பிரெஞ்சு வானியலர் ழான் ரிஷே, தென் அமெரிக்காவின் கயேன் ஊருக்கு ஊசல் கடிகாரம் ஒன்றை எடுத்துச் சென்றார். பாரிஸில் நேரம் தவறாமல் ஓடிய கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலின் நீளத்தைச் சுமார் 3 மில்லிமீட்டர் குறைத்த பிறகுதான் நேரம் சரியானது. வெப்பத்தில் உலோகம் நீண்டிருக்கும் என்று சிலர் வாதிட்டார்கள். அந்த நீட்சி இவ்வளவு பிந்தலுக்குப் போதாது.

கயேன் நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கே இருக்கிறது. வேம்பார் 9 பாகை. அதே பாரிஸ் கடிகாரம் வேம்பாருக்கு வந்திருந்தால் நாளுக்குச் சுமார் 2 நிமிடம் பிந்தியிருக்கும். தமிழ் மண்ணில் இந்த அளவீட்டைக் கவனமாகச் செய்தவர் சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம். நொடிக்கு ஒரு வீச்சு ஆடும் ஊசல் சென்னையில் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று 1821இல் அளந்து, 39.026 அங்குலம் என்று லண்டனுக்கு எழுதினார். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்காக இவ்வளவு பாடு எதற்கு? பூமி எவ்வளவு தட்டை என்பதை அந்தப் பங்குதான் சொல்லும்.

ரிஷேயின் கடிகாரத்துக்கு நியூட்டன் 1687இல் விடை தந்தார். பூமி சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் நிற்பவரை அது மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழற்றுகிறது; துருவத்தில் நிற்பவர் நின்ற இடத்திலேயே திரும்புகிறார். சுழற்சி வெளியே தள்ளும் அளவு ஈர்ப்பிலிருந்து கழிகிறது. அதே சுழற்சி பூமியின் இடுப்பையும் பெருக்க வைத்திருக்கிறது. பூமியின் மையத்திலிருந்து நிலநடுக்கோடு 6,378 கிலோமீட்டர், துருவம் 6,357 கிலோமீட்டர். துருவத்தில் நிற்பவர் மையத்துக்கு 21 கிலோமீட்டர் அருகில் இருக்கிறார். துருவத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் உள்ள ஈர்ப்பு வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரடியாகச் சுழற்சியாலும், மீதி இந்தத் தட்டை வடிவத்தாலும் வருகிறது. இரண்டும் சேர்ந்து ஆயிரத்தில் ஐந்து பங்கு. வேம்பாரில் 60 கிலோ காட்டும் ஒருவர் வட துருவத்தில் அதே வில் தராசில் ஏறினால் 300 கிராமுக்கு மேல் கூடுதலாகக் காட்டும்.

ஈர்ப்பு மாறுவதற்கான காரணங்களில் மிகப் பெரியது இதுதான். மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

மலை ஏறினால் குறையும். மலையே கொஞ்சம் கூட்டும்

அடுத்தது உயரம். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் ஈர்ப்பு பத்தாயிரத்தில் மூன்று பங்கு குறைகிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப்படி அங்கே பத்தாயிரத்தில் ஏழு பங்கு குறைய வேண்டும். ஆனால் காலுக்கடியில் பழனி மலையின் பாறை முழுவதும் கிடக்கிறதே. அதுவும் தன் பங்குக்கு இழுக்கிறது. குறைந்ததில் மூன்றில் ஒரு பங்கை அது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பெரு நாட்டின் உவாஸ்கரான் சிகரத்தில் உயரமும் நிலநடுக்கோட்டு அண்மையும் சேர்ந்துகொள்வதால், உலகிலேயே குறைந்த 9.764 என்ற மதிப்பு அங்கே வருகிறது என்று 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

மலை இழுக்கும் என்றால் இமயமலை எவ்வளவு இழுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கான வேர் சென்னையில் இருக்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய நில அளவை, ஒரு பக்கம் கன்னியாகுமரி வரையிலும் மறுபக்கம் இமயமலை அடிவாரம் வரையிலும் நீண்டது. அந்த அளவைக்குப் பின்னர் தலைமையேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் ஒரு முரண்பாடு தலைகாட்டியது. மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் வடக்கே உள்ள கல்யாணாவுக்கும் இடையிலான தூரத்தைத் தரையில் அளந்தால் ஒரு விடை. விண்மீன்களைப் பார்த்துக் கணக்கிட்டால் வேறு விடை. கோண அளவில் 5.236 விகலை வித்தியாசம். தரையில் அது 160 மீட்டருக்குச் சற்று மேல்.

விண்மீனைப் பார்க்கும் கருவியை நேராக நிறுத்துவது தூக்குக்குண்டு. கொத்தனார் சுவர் பார்க்கத் தொங்கவிடும் அதே குண்டுதான். இமயம் குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று கல்கத்தாவின் பாதிரியாரும் கணித வல்லுநருமான ஜான் பிராட் 1855இல் கணக்குப் போட்டார். அவருக்குக் கிடைத்த விடை சுமார் 15.9 விகலை. அளந்து கண்டதைப் போல மூன்று மடங்கு! மலை இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை. அதே ஆண்டில் ஆங்கிலேய வானியலர் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் தந்தார். மலை மேலே தெரிவது மட்டும் இல்லை. அதன் லேசான பாறை, கனமான அடிப்பகுதிக்குள் ஆழமாக வேர் விட்டு மிதக்கிறது. மேலே கூடிய பொருண்மையைக் கீழே உள்ள குறைவு ஈடுகட்டிவிடுகிறது. மலைகளும் கண்டங்களும் இப்படிச் சமநிலையில் மிதக்கின்றன என்ற புவியியலின் அடிப்படைக் கருத்து, இந்திய நில அளவையின் இந்தச் சிறு பிழையிலிருந்துதான் பிறந்தது.

அதை ஊசலால் சோதிக்கப் புறப்பட்டவர் காப்டன் ஜேம்ஸ் பசேவி. ராயல் சொசைட்டியின் பித்தளை ஊசல்களைக் காற்றகற்றிய பெட்டிக்குள் ஆடவிட்டு, 1865 முதல் தெற்கே கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள புன்னையிலும் வடக்கே பல இடங்களிலும் அளந்தார். அரபிக்கடலில் மினிக்காய் தீவுக்கும் போனார். தீவில் ஈர்ப்பு, அதே அட்சரேகைக் கரையில் உள்ளதைவிடக் கூடுதல் என்று கண்டார். இமயப் பக்கம் போனால் உயரத்துக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கடலடிப் பாறை கனமானது, மலையடிப் பாறை லேசானது என்பதற்கு இது நேரடிச் சான்று. 1871 ஜூலையில் லடாக்கின் உயர்ந்த சமவெளியில், 15,000 அடிக்கு மேல், கடும் குளிரில் அளவெடுக்கும் வேலையிலேயே அவர் இறந்தார்.

பாறை மாறினால் எண் மாறும்

உயரமும் அட்சரேகையும் ஒன்றாகவே இருந்தாலும், கீழே உள்ள பாறை வேறாக இருந்தால் ஈர்ப்பு மாறும். இதை அளக்கும் அலகுக்குக் கலிலியோ நினைவாக மில்லிகல் என்று பெயர். மொத்த ஈர்ப்பு சுமார் 9,78,000 மில்லிகல். பாறைகளால் வரும் மாற்றம் பெரும்பாலும் சில பத்துகள், சில இடங்களில் நூறுக்கு மேல். ஈர்ப்புமானி என்ற இன்றைய கருவி மில்லிகல்லில் நூறில் ஒரு பங்கைக் காட்டும். ஒரு சாண் உயர மாடிப்படி ஒன்று ஏறினாலே எண் மாறிவிடும்.

இந்த நுட்பம் சோறு போடும் நுட்பம். காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் வேலை 1950களின் இறுதியில் ஈர்ப்பு அளவீட்டோடுதான் தொடங்கியது. டெல்டாவின் நெல்வயல் எங்கும் ஒரே சமதளமாகத் தெரியும். ஈர்ப்புமானியோ அதன் கீழே புதைந்த மேடுகளையும் பள்ளங்களையும் வரிசையாகக் காட்டியது. கருங்கல் மேடு மேலே வந்த இடத்தில் ஈர்ப்பு கூடும். இளகிய வண்டல் பல ஆயிரம் மீட்டர் நிரம்பிய பள்ளத்தில் குறையும். நாகை, கும்பகோணம், காரைக்கால் பகுதிகளில் துளையிடும் இடங்களைத் தேர்ந்தெடுக்க இந்த வரைபடம் உதவியது.

வேம்பார் கரைக்கு எதிரே இருக்கும் மன்னார் வளைகுடாவும் அதே படுகைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இந்தியாவும் இலங்கையும் ஒன்றிலிருந்து ஒன்று இழுபட்டபோது மேலோடு மெலிந்து உண்டான பள்ளம் அது. பிறகு வண்டல் நிரம்பியது. உப்புத்தண்ணித் தீவு, புலுவினிச்சல்லி, நல்லதண்ணித் தீவு என்ற வேம்பார்க் குழுவின் பவளத் திட்டுகள் அந்தப் படுகையின் கரையோர விளிம்பில் மெல்லிய தோலாகப் படிந்திருப்பவை. இப்படி எடுத்த ஈர்ப்பு அளவுகளை எல்லாம் சேர்த்து, நாடு முழுவதற்குமான ஈர்ப்பு வரைபடத்தை ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் 1975இல் வெளியிட்டது. 2006இல் பல அரசு நிறுவனங்கள் சேர்ந்து அதைப் புதுப்பித்தன.

தெற்கே உள்ள தாழ்வு

இனிக் கடலின் 106 மீட்டர் தாழ்வுக்கு வரலாம். கடலில் நிலையாக நின்று ஊசல் ஆட்ட முடியாது. நெதர்லாந்தின் வேனிங் மைனஸ் அதற்கு ஒரு வழி கண்டார்: அலை தொடாத ஆழத்துக்கு நீர்மூழ்கிக் கப்பலில் இறங்கி அளந்தார். இந்தியப் பெருங்கடல் தாழ்வைக் கண்டறிந்தவர் என்று 1948ஆம் ஆண்டோடு சேர்த்து அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். முழு உருவம் தெரிந்தது செயற்கைக்கோள்கள் வந்த பிறகு. பரப்பு சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட இந்திய நிலப்பரப்பு அளவு.

செய்தித்தாள்களில் இது ஈர்ப்பு ஓட்டை என்று வருகிறது. படிப்பவர் மனதில் கப்பல்கள் சறுக்கி விழும் குழி ஒன்று தோன்றுகிறது. அப்படி எதுவும் கிடையாது. அந்தப் பரப்பில் ஈர்ப்பின் பரந்த குறைவு சுமார் 50 மில்லிகல். 60 கிலோ ஆளுக்கு 3 கிராம். ஆனால் இந்தச் சிறு குறைவு பல நூறு கிலோமீட்டருக்குப் பரவியிருப்பதால், சுற்றியுள்ள ஈர்ப்பு மிகுந்த பகுதிகள் நீரைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கின்றன. நடுவில் கடல் தாழ்கிறது. சரிவு கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான். அந்தச் சரிவிலும் தண்ணீர் ஓடாது. ஏனென்றால் அங்கே தூக்குக்குண்டு தொங்கவிட்டால், அது நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாகவே தொங்கும். ஈர்ப்பின் கண்ணுக்கு அது சமதளம். எடையில் லட்சத்தில் ஐந்து பங்கு. கடல் மட்டத்தில் நூறு மீட்டர். ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

பொருண்மை ஏன் அங்கே குறைந்தது? இந்தியா தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்தபோது இடையில் இருந்த டெத்திஸ் கடலின் தரை, பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்துக்குள் மூழ்கிப்போனது. அந்தப் பழைய தட்டுகள் கீழே கிடப்பதே காரணம் என்றார்கள் சிலர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் 2023இல் வேறு கோணம் தந்தார்கள். கடந்த 14 கோடி ஆண்டுகளின் தட்டு நகர்வை 19 கணினி மாதிரிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். மூழ்கிய டெத்திஸ் தட்டுகள் ஆப்பிரிக்காவுக்கு அடியில், கவசத்தின் அடித்தளத்தில் கிடக்கும் வெப்பத் திரளைக் கலைத்துவிட, அங்கிருந்து சூடான லேசான பொருள் தம்பங்களாக எழுந்து, இந்தியப் பெருங்கடலுக்கடியில் சில நூறு கிலோமீட்டர் ஆழத்தில் பரவியிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. தாழ்வு இன்றைய உருவத்துக்கு வந்தது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இது கணினி தரும் விடை. அத்தனை ஆழத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை நிலநடுக்க அலைகள்தான் சொல்ல வேண்டும். அதற்காகவே இந்திய ஆய்வாளர்கள் இந்தக் கடலடியில் நிலநடுக்கமானிகளை இறக்கியிருக்கிறார்கள்.

நீர் நகர்ந்தாலும் மாறும்

ஈர்ப்பு இடத்தைப் பொறுத்து மாறுவதோடு நிற்பதில்லை. காலத்தைப் பொறுத்தும் மாறுகிறது. 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே பொருண்மை கூடிய இடம் வந்தால் முன்னே போவது முதலில் இழுபடும். இடைவெளி மயிரிழையில் மாறும். அந்த மாற்றத்திலிருந்து, பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் பகுதிகளில் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் தீர்ந்துபோனதாக 2009இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆழ்துளைக் கிணறு இறைத்த தண்ணீர் விண்வெளியில் எடையாகத் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று நம் கரைகளைச் சுனாமியால் தாக்கிய சுமத்ரா நிலநடுக்கம், கடலடிப் பாறையை இடம் மாற்றியதால் அங்கே ஈர்ப்பையே மாற்றியதையும் அவை பதிவு செய்தன.

ஏவுதளமும் வடிகாலும்

வேம்பார் இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஈர்ப்பு குறைவான இடம் என்பதால்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று டீக்கடையிலும் யூடியூபிலும் பேசப்படுகிறது. அது சரியல்ல. ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் ஈர்ப்பு வித்தியாசம் பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட வராது. ராக்கெட்டுக்கு அது பொருட்டல்ல. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கையைத் தவிர்க்க வளைந்து போய் எரிபொருளை இழக்கிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே கடல்தான். சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்தச் சேமிப்பு பெரிது.

ஈர்ப்பின் மாற்றம் இந்தக் கரைக்கு உண்மையில் தேவைப்படும் இடம் வேறு. மீன்பிடித் துறைமுகம், தூண்டில் வளைவு, மழைநீர் வடிகால், புயல் அலை எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்ற வரைபடம் என எல்லாவற்றுக்கும் உயரம் வேண்டும். இப்போது உயரத்தைச் செயற்கைக்கோள் கருவியால்தான் விரைவாக எடுக்கிறார்கள். அது தருவது கணக்குக் கோளத்திலிருந்து உயரம். அதைக் கடல்மட்ட உயரமாக மாற்றத் துல்லியமான ஈர்ப்பு வரைபடம் வேண்டும். உலகுக்கெல்லாம் பொதுவான மாதிரியைப் பயன்படுத்தினால் சில இடங்களில் பல சென்டிமீட்டர், ஏன் அதற்கு மேலும் பிழை வரலாம். தட்டையான மணல் கரையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அந்தச் சென்டிமீட்டர்களே தீர்மானிக்கும். ஆகவே கடலோர ஊராட்சியில் ஒரு வடிகால் திட்டமோ அலைத்தடுப்புத் திட்டமோ வந்தால், மதிப்பீட்டுத் தொகையைக் கேட்பதற்கு முன், அதில் உள்ள உயரங்கள் எந்த மட்டத்திலிருந்து அளக்கப்பட்டவை, உள்ளூர் ஈர்ப்பு அளவீட்டோடு சரிபார்க்கப்பட்டனவா என்று கிராமசபையில் கேளுங்கள்.